யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் பழகத் தொடங்குவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்னேரங்களில் சிறுவர்களுக்குக் கிரிக்கெட் பழக்குகிறேன். பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல மைதானத்தில் நேரம் கிடைப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழகத் தொடங்கும் முதல் வருடம் கைக்கும் கண்ணுக்கும் உரியது. ஆறு ஓட்டம் அடிக்கிற பலம் உடல் வளர வளர வரும். பந்தைக் கடைசிவரை பார்க்கிற பழக்கம் அப்படி வராது. அதைச் சிறுவயதிலேயே ஊட்ட வேண்டும்.

மகனுக்கு ஏழு வயது. இப்போதே தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் அந்த வயதில் பயிற்சி என்ற பெயரே வேண்டாம். ரெனிஸ் பந்தை எறிந்து பிடிக்கட்டும், ஓடட்டும், பிளாஸ்டிக் மட்டையால் அடிக்கட்டும். ஒழுங்கான நுட்பப் பயிற்சியை ஒன்பது, பத்து வயதில் தொடங்கினால் போதும். பாடசாலைப் போட்டிகளில் முதல் படி 13 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு. அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னதாகக் கடினப்பந்தைத் தொட்டிருந்தால் பிள்ளை திணறமாட்டான்.

ஒழுங்கையில் ரெனிஸ் பந்தில் விளையாடினால் ஆட்டம் கெட்டுப்போகும் என்கிறார்களே?

நான் ஒருபோதும் அப்படிச் சொல்லமாட்டேன். கருக்குச் சீவிய பனைமட்டையும் பழைய பந்தும் இந்த மண்ணில் எத்தனையோ நல்ல ஆட்டக்காரரை உருவாக்கியிருக்கின்றன. ஒழுங்கைக்கென்று ஒரு சட்டம் உண்டு: பக்கத்து வளவுக்குள் பந்து போனால் ஆட்டமிழப்பு. அந்தச் சட்டத்தோடு வளர்ந்த பிள்ளை பந்தை நிலத்தோடு அடிக்கத் தானாகவே பழகியிருக்கும். இடம் ஒடுக்கமானதால் நேராக அடிக்கவும் தெரிந்திருக்கும். இவை இரண்டும் பெரிய சொத்து.

குறைகளும் இரண்டு உண்டு. ரெனிஸ் பந்து இடுப்புக்கு மேல் எழும்பும்; அதனால் பிள்ளை கால்களை அசைக்காமல், நின்ற இடத்தில் நின்று கையை மட்டும் வீசி அடிக்கப் பழகியிருக்கும். இரண்டாவது, பந்து மேலில் பட்டாலும் நோகாது என்பதால் பந்தின் கோட்டுக்குப் பின்னால் உடலைக் கொண்டுவரும் தேவை வந்திருக்காது. கடினப்பந்துக்கு வரும்போது திருத்த வேண்டியவை இவைதான். ஒழுங்கை ஆட்டத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். மைதானத்தில் கிடைக்கும் பந்துகளைவிட ஒழுங்கையில் கிடைக்கும் பந்துகள் பல மடங்கு அதிகம்.

முதலில் எதைப் பழக வேண்டும்: துடுப்பாட்டமா, பந்துவீச்சா?

களத்தடுப்பு. இதைச் சொன்னால் பிள்ளைகளின் முகம் சுருங்கும், தெரியும். எல்லாருக்கும் மட்டைதான் வேண்டும். ஆனால் கணக்குப் பாருங்கள்: பதினொரு பேர் களத்தில் நிற்கிறார்கள், ஒருவர் பந்து வீசுகிறார், மற்றப் பத்துப் பேருக்கும் கைதான் வேலை. முதல் பந்திலேயே ஆட்டமிழந்த பிள்ளைக்கும் அன்றைய நாளில் மிச்சமிருப்பது களத்தடுப்பு. அதில் கெட்டிக்காரன் என்றால் எந்த அணித் தலைவரும் அவனை வெளியே விடத் தயங்குவார்.

இன்னொரு காரணமும் உண்டு. பந்தைப் பிடிக்கப் பழகும்போது கண்ணும் கையும் ஒன்றுசேர்கின்றன. அந்தக் கண்ணே பிறகு துடுப்பெடுத்து நிற்கும்போதும் வேலை செய்கிறது. பிடி எடுக்கத் தெரியாத சிறுவனிடம் துடுப்பைக் கொடுத்தால், அவன் பந்து வரும் திசையில் ஊகத்துக்குத்தான் வீசுவான்.

பிடி எடுக்கும்போது பந்து கையிலிருந்து தெறித்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பெரும்பாலும் தவறு கையில் இல்லை, தலையில்தான். பந்து கைக்கு வரும் கடைசி ஒரு மீட்டரில் பிள்ளைகள் கண்ணை எடுத்துவிடுகிறார்கள். தலை பின்னால் போகிறது, முகம் திரும்புகிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்றுண்டு. பந்தின் நான்கு பக்கத்திலும் வெவ்வேறு நிறத்தில் புள்ளி வையுங்கள். எறிந்து பிடித்தவுடன், கையைத் திறக்காமல், எந்த நிறம் மேலே வந்தது என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டுமானால் பந்து கைக்குள் புகும்வரை பார்த்தே ஆக வேண்டும். நிறம் சரியாகச் சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து தவறவிடும் பிடிகள் குறைவதை நீங்களே காண்பீர்கள்.

அடுத்தது கையின் அமைப்பு. மார்புக்குக் கீழே வரும் பந்துக்கு விரல்கள் நிலத்தை நோக்க வேண்டும், சின்ன விரல்கள் இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும். மார்புக்கு மேலே வரும் பந்துக்கு விரல்கள் வானத்தை நோக்க, பெருவிரல்கள் ஒட்டியிருக்கட்டும். எந்த நிலையிலும் விரல் நுனி பந்தை நேருக்கு நேர் நோக்கக் கூடாது. விரல் முறிவது அப்படித்தான். பந்து பட்ட கணத்தில் கைகளை உடலை நோக்கிக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளுங்கள். விறைத்த கையில் பந்து தங்காது.

உயர்ந்து வரும் பந்துக்கு ஒரு எச்சரிக்கை: அடித்தவுடன் முன்னால் ஓடாதீர்கள். ஒரு கணம் நின்று, பந்து முன்னால் விழுமா தலைக்கு மேலால் போகுமா என்று பார்த்துவிட்டு ஓடுங்கள். முன்னால் ஓடிவிட்டுப் பின்னால் திரும்புவதைவிட அது எப்போதும் வேகமானது. பின்னேர வெயில் மேற்கிலிருந்து கண்ணில் அடித்தால் ஒரு கையை உயர்த்திச் சூரியனை மறைத்தபடி பந்தைப் பாருங்கள், கடைசியில் இரு கைகளையும் சேருங்கள்.

நிலத்தில் உருண்டு வரும் பந்து காலுக்கிடையால் போய்விடுகிறது.

எங்கள் மைதானங்களின் தரை மேடும் பள்ளமும் கல்லுமாக இருக்கும். பந்து கடைசி நேரத்தில் துள்ளும். ஆகவே கையை மட்டும் நம்பாமல் உடலால் ஒரு தடை போடப் பழகுங்கள். வலது கையால் எறிபவர் என்றால் பந்தின் கோட்டுக்கு வந்து, இடது முழங்காலை வலது குதிக்காலை ஒட்டி நிலத்தில் ஊன்றுங்கள். இடையில் வெளி இருக்காது. கைகள் அதற்கு முன்னால், விரல் நுனி நிலத்தைத் தொட்டபடி இருக்கட்டும். கை தவறினாலும் கால் காப்பாற்றும். ஓட்டத்தைத் தடுக்க அவசரம் இருந்தால் மட்டும் ஒரு கையால் அள்ளி எறியும் வித்தையைப் பார்த்துக்கொள்ளலாம்.

எறியும்போது முழங்கை தோளுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றக் கை இலக்கைக் காட்டட்டும். உடல் சூடேறாமல் மைதானத்துக்கு வந்தவுடனேயே எல்லைக்கோட்டிலிருந்து எறிந்து தோளைக் கெடுத்துக்கொண்ட இளைஞர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

துடுப்பை எப்படிப் பிடிப்பது?

துடுப்பின் அடிக்கும் முகம் நிலத்தைப் பார்க்க, கைப்பிடி உங்களை நோக்கியிருக்கும்படி படுக்க வையுங்கள். இப்போது கோடரியைத் தூக்குவதுபோல இரண்டு கைகளாலும் தூக்குங்கள். அவ்வளவுதான். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒவ்வொரு கையிலும் ஒரு ‘வி’ வடிவம் தெரியும். இரண்டும் ஒரே கோட்டில், துடுப்பின் பின்புற நடுமுதுகுக்கும் வெளிவிளிம்புக்கும் இடையில் நிற்க வேண்டும். கைகள் இரண்டும் ஒட்டியே இருக்கட்டும். இடைவெளி விட்டால் ஒரு கை மற்றதோடு சண்டை பிடிக்கும்.

வலதுகை ஆட்டக்காரருக்கு மேலே இருப்பது இடது கை. அதுதான் எசமான். அது இறுக்கமாகவும், கீழ்க்கை பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடிக்கிற அளவுக்குத் தளர்வாகவும் இருக்க வேண்டும். தொடங்கும் பிள்ளைகள் எல்லாரும் கீழ்க்கையை இறுக்குவார்கள், ஏனென்றால் அது பலமான கை. அதன் விளைவு, நேராக வந்த பந்தையும் லெக் பக்கம் (நிற்பவரின் முதுகுப் பக்கம்) இழுத்து அடிப்பது. அல்லது தடுக்கப்போன பந்து முன்னால் நிற்பவர் கைக்குப் பிடியாக எழும்புவது.

நிற்கும் முறை?

கால்கள் தோளகலம், முழங்கால் சற்று மடங்கி, பாரம் முன்பாதத்தில். முன்தோள் பந்துவீச்சாளரை நோக்க, தலை சரியாமல் இரண்டு கண்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தொலைக்காட்சியில் பார்க்கும் வீரர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நிற்பார்கள். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பந்து கையை விட்டு வெளியேறும் கணத்தில் அவர்கள் எல்லாருடைய தலையும் அசையாமல் இருக்கும். அதை மட்டும் பிரதி பண்ணுங்கள்.

முதலில் எந்த அடியைப் பழக வேண்டும்?

முன்காலில் தடுத்தாடுவது. அடி என்று சொல்லவே பிள்ளைகள் ஒப்பமாட்டார்கள். ஆனாலும் மற்ற அடிகளில் பாதிக்கு அதுதான் அத்திவாரம்.

செய்முறை இதுதான். பந்து உங்களுக்கு அண்மையில் குத்தப்போகிறது என்று கண்டதும் முதலில் தலையும் முன்தோளும் பந்தை நோக்கிச் சாய வேண்டும். கால் தலையைப் பின்தொடர்ந்து தானாக வரும். முன்கால் பந்து குத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஊன்றி, முழங்கால் மடங்க வேண்டும். துடுப்பு காற்காப்பை ஒட்டி, நேராக இறங்க வேண்டும். இடையில் பந்து புகும் வெளி இருக்கக் கூடாது. பந்து படுவது கண்ணுக்கு நேர் கீழே. கைப்பிடி துடுப்பின் முகத்தைவிட முன்னால் சாய்ந்திருந்தால் பந்து நிலத்தில் விழும்.

துடுப்பு ஏன் நேராக வர வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நிலத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டுங்கள். ஸ்டம்ப் மூன்றும் சேர்ந்து 9 அங்குல அகலம், 28 அங்குல உயரம். துடுப்பின் அகலம் கூடியது 4.25 அங்குலம், நீளம் 38 அங்குலம். நேராக இறங்கும் துடுப்பு பந்து வரும் கோட்டில் அதன் முழு நீளத்துக்கும் காவல் நிற்கிறது. பந்து தாழ்ந்து வந்தாலும் எழும்பி வந்தாலும் எங்காவது படும். குறுக்கே வீசும் துடுப்பு பந்தின் உயரத்தைச் சரியாக மதித்தால் மட்டுமே படும். கணக்கு விளங்கிய பிள்ளைக்கு நூறு தரம் சொல்லத் தேவையில்லை.

இதன் பிறகு பின்காலில் தடுத்தாடுவது, பிறகு நேராக அடிக்கும் ‘டிரைவ்’. டிரைவுக்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு: துணைக்கு ஒருவர் பக்கத்தில் நின்று, தோளுயரத்திலிருந்து பந்தை விட வேண்டும்; அது ஒருமுறை துள்ளி விழும் நேரத்தில் நீங்கள் முன்கால் வைத்து நேரே அடிக்க வேண்டும். நடுத் துடுப்பில் பட்டதா என்பதைக் காது சொல்லும். ‘டக்’ என்ற திடமான ஒலி ஒருமுறை கேட்டுவிட்டால் பிள்ளை அதையே தேடத் தொடங்கிவிடும். குறுக்கு அடிகள் எல்லாம் இதற்குப் பிறகு.

வீட்டில் தனியே பழக வழி உண்டா?

ஒரு மதிலும் ஒரு ரெனிஸ் பந்தும் போதும். துடுப்பாட்ட மேதை டொன் பிராட்மன் சிறுவயதில் அவுஸ்திரேலியாவின் பௌரல் என்ற ஊரில், வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் அடிச்சுவரில் கோல்ப் பந்தை எறிந்து, தெறித்து வருவதை ஒரு ஸ்டம்பால் அடித்துப் பழகினார். டெஸ்ட் ஆட்டங்களில் அவருடைய ஓட்டச் சராசரி 99.94. அந்தப் பயிற்சியை உங்கள் வளவில் அப்படியே செய்யலாம்: மதிலில் எறிந்து பிடிப்பது, ஒரு கையால் பிடிப்பது, ஒடுங்கிய பொல்லால் தடுப்பது. இன்னொன்று, பழைய காலுறைக்குள் பந்தைப் போட்டு மாமரக் கிளையில் கயிறு கட்டித் தொங்கவிடுவது. முழங்கால் உயரத்தில் தொங்கட்டும். நேர் துடுப்பால் அடித்தால் பந்து போன கோட்டிலேயே திரும்பி வரும். குறுக்கே அடித்தால் சுற்றத் தொடங்கும். பயிற்றுவிப்பாளர் சொல்ல வேண்டியதைக் கயிறே சொல்லிவிடும்.

பந்துவீசத் தொடங்குவது எப்படி?

ஓடி வராதீர்கள். நின்ற இடத்தில் தொடங்குங்கள்.

இரண்டு விரல்கள் தையலின் இருபக்கமும், பெருவிரல் கீழே தையலில். பந்துக்கும் உள்ளங்கைக்கும் இடையில் கொஞ்சம் வெளி இருக்கட்டும். பக்கவாட்டாக நின்று, முன்கையை (வீசாத கையை) உயர்த்தி, அதற்கு அப்பால் இலக்கைப் பாருங்கள். முன்கை இழுத்து இறங்கும்போது வீசும் கை காதை உரசிக்கொண்டு மேலால் வர வேண்டும். பந்தை விட்ட பிறகு கை எதிர்ப்பக்க இடுப்பைத் தாண்டிப் போகட்டும். பாதியில் நிறுத்தினால் தோள் அடிவாங்கும். இது நேராக வரத் தொடங்கியதும் இரண்டு அடி நடந்து வீசுங்கள், பிறகு மெல்ல ஓடுங்கள். ஓட்டத்தின் நீளத்தை அளக்க, கிரீஸிலிருந்து (ஸ்டம்புக்கு முன்னால் போட்ட கோடு) எதிர்த்திசையில் ஓடி, இயல்பாகப் பாயத் தோன்றும் இடத்தைத் துணைவர் ஒருவரைக் கொண்டு குறித்துக்கொள்ளுங்கள்.

முன்காலின் பாதத்தில் ஏதாவதொரு பகுதி கிரீஸ் கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் நோ-போல், அதாவது முறைதவறிய பந்து. பயிற்சியில் இதைக் கண்டும் காணாமல் விடும் பழக்கம் மிகவும் கெட்டது. வலைப்பயிற்சியில் ஒரு சாண் தாண்டி வீசப் பழகியவர் போட்டியன்று விக்கெட்டை எடுத்தும் எடுக்காதவர் ஆவார்.

முழங்கையைப் பற்றி: வீசும் அசைவில் முழங்கை 15 பாகை வரை நிமிர்வதைச் சர்வதேச கிரிக்கெட் பேரவை அனுமதிக்கிறது. தொடங்குபவர் அந்த 15 பாகையைப் பற்றி யோசிக்கவே கூடாது. கை நேராகச் சுற்றி வரட்டும். எறியும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

வேகப்பந்தா, சுழற்பந்தா?

பன்னிரண்டு வயதுவரை இரண்டையும் வீசட்டும். உயரமும் உடலும் எப்படி வளரும் என்று யாருக்கும் தெரியாது. பதின்ம வயதில் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு பக்கம் சாய்வார்கள்.

சுழல் என்றால் ஒரு சொல். நேராகப் போடுவதற்கு முன் பந்தைச் சுழற்றப் பழக்குங்கள். கால் சுழலுக்கு (லெக் ஸ்பின்) பந்து முதல் இரண்டு விரல்களிலும் மடங்கிய மோதிரவிரலிலும் தங்கியிருக்கும். மோதிரவிரல்தான் சுழற்றுகிறது, மணிக்கட்டு உதவுகிறது. பெருவிரலுக்கு வேலை இல்லை. தொடக்கத்தில் பந்து எங்கெங்கோ போகும், எல்லாரும் நான்கு நான்காக அடிப்பார்கள். அந்தக் கட்டத்தில் “மெதுவாக நேராகப் போடு” என்று கத்துகிற பெரியவர்களால்தான் நல்ல கால் சுழல் வீச்சாளர்கள் அழிந்துபோகிறார்கள். பொறுத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சான்று உண்டு: யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த் கால் சுழல் வீசித்தான் 2020 லங்கா பிரீமியர் லீக்கில் ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணிக்கும், 2024 ஐபிஎல் தொடரில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்கும் ஆடினார்.

மகன் ஒரு நாளில் எவ்வளவு பந்து வீசலாம்?

வேகப்பந்து வீசுகிற பிள்ளையின் பெற்றோர் எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது; கேட்பவர்கள் மிகக் குறைவு. வளரும் எலும்பு ஓய்வில்லாத வீச்சைத் தாங்காது. முதுகின் கீழ்ப்பகுதியில் மெல்லிய வெடிப்பு ஏற்பட்டு மாதக்கணக்கில் ஆடமுடியாமல் போகும். தோள் ஒரு திசையிலும் இடுப்பு இன்னொரு திசையிலும் திரும்பி நிற்கும் கலப்பு அசைவில் அந்த ஆபத்து கூடுதல். இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை நீண்டகாலம் கைக்கொண்ட வழிகாட்டலில் 13 வயதுக்கு உட்பட்டோருக்குத் தொடர்ச்சியாக 5 ஓவர், ஒரு நாளைக்கு மொத்தம் 10 ஓவர் என்று எல்லை வைத்திருந்தார்கள். காலையில் பாடசாலைப் போட்டி, பின்னேரம் வலைப்பயிற்சி, ஞாயிறு கழகத்துக்கு மென்பந்து என்று ஒரே பிள்ளையை மூன்று பேர் பிழிகிற நிலை இங்கே இருக்கிறது. மூன்று இடத்திலும் வீசியதைச் சேர்த்துக் கணக்கு வைக்க வேண்டியவர் பெற்றோர்தான். முதுகு நோகிறது என்று பிள்ளை சொன்னால் தைலம் பூசி மறுநாள் அனுப்பாதீர்கள்.

கடினப்பந்தைக் கண்டு பிள்ளை பயப்படுகிறான்.

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. தக்கையைச் சுற்றி நூல் இறுக்கித் தோல் போர்த்திய பந்து. எடை 156 முதல் 163 கிராம் வரை. “ஆம்பிளைப் பிள்ளை, பயப்படாதே” என்பது பயிற்சி ஆகாது. படிப்படியாகக் கொண்டுபோங்கள். ரெனிஸ் பந்து, பிறகு கொஞ்சம் பாரமான மென்பந்து, பிறகு 13 வயதுக்கு உட்பட்டோருக்கான 133–144 கிராம் தோல் பந்து. முதல் வாரங்களில் காற்காப்பு, கையுறை, தலைக்கவசம், இடுப்புக் காப்பு எல்லாம் அணிவித்து, பத்து மீட்டர் தூரத்திலிருந்து கையைக் கீழால் கொண்டுவந்து மெதுவாகப் போடுங்கள்.

பயம் முதலில் பின்காலில் தெரியும். பந்து வரும்போது அந்தக் கால் லெக் பக்கம் விலகும். உடல் கோட்டை விட்டுப் போகும். துடுப்பு மட்டும் தனியே நீளும். காலுக்குப் பின்னால் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் பிள்ளையையே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிட அவனே காண்பது பலிக்கும்.

பாய் விரித்த ஆடுகளத்தில் பழகுவது வேறு மாதிரியா?

ஆம். இங்கே பாடசாலை மைதானங்களில் நெடுங்காலமாகக் கடினப்பந்து ஆட்டம் பாயில்தான் நடந்துவந்திருக்கிறது. பாயில் பந்து உயரமாகவும் பெரும்பாலும் ஒரே சீராகவும் எழும்பும், சுழலும் நன்றாகப் பற்றும். ஆகவே பின்காலில் ஆடுவது எங்கள் பிள்ளைகளுக்கு விரைவில் கைவரும். புற்றரை ஆடுகளத்துக்குப் போகும்போது பந்து தாழ்ந்து வழுக்கி வந்து காலில் படும், எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் மறித்து ஆட்டமிழப்பது) ஆவார்கள். முன்காலில் ஆடுவதை விடாமல் பழகினால்தான் அந்த இடத்தில் தப்பலாம்.

பாயில் ஆணி வைத்த சப்பாத்து அணியக் கூடாது; இறப்பர் அடி போதும். பயிற்சிக்கு முன் பாயின் ஓரத்து முளைகள் எழும்பி நிற்கின்றனவா, நடுவில் சுருக்கம் இருக்கிறதா என்று ஒருமுறை நடந்து பாருங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்? செலவு பயமாக இருக்கிறது.

முதல் ஆறு மாதம் நல்ல சப்பாத்தும் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் தவிர எதுவும் வாங்காதீர்கள். பாடசாலையிலும் கழகத்திலும் பொதுப் பொருட்கள் இருக்கும். பிள்ளை விடாமல் வருகிறான் என்றால் முதலில் சொந்தமாக இடுப்புக் காப்பும் கையுறையும், அடுத்துத் தலைக்கவசம். தலைக்கவசத்தின் உட்புறத்தில் பிஎஸ் 7928:2013 என்ற தரக்குறி இருக்கிறதா பாருங்கள். இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

துடுப்பு கடைசியில். தொடங்குபவருக்குக் காஷ்மீர் வில்லோ (காஷ்மீரில் வளரும் வில்லோ மரத்தில் செய்த துடுப்பு) போதுமானது. இங்கிலாந்து வில்லோவின் விலைக்கு உரிய பயனை எடுக்க இன்னும் காலம் இருக்கிறது. “வளரும் பிள்ளைதானே” என்று பெரிதாக வாங்குவதுதான் பெற்றோர் செய்கிற பெரிய தவறு. பாரமான துடுப்பை நேராக இறக்க முடியாமல் பிள்ளை குறுக்கே வீசத் தொடங்கும்; நாங்கள் மாதக்கணக்கில் பழக்கியது ஒரு வாரத்தில் போய்விடும். கடையிலேயே சோதித்துப் பாருங்கள்: மேல்கையால் மட்டும் பிடித்துத் துடுப்பை முன்னால் நீட்டிச் சில விநாடி நடுங்காமல் வைத்திருக்க முடியவில்லை என்றால் அது வேண்டாம். புதுத் துடுப்புக்கு ஆளிவிதை எண்ணெய் மெல்லிதாகப் பூசி, மரச் சுத்தியலாலோ பழைய பந்தாலோ பல மணிநேரம் தட்டிப் பதப்படுத்திய பிறகே கடினப்பந்துக்கு எடுக்க வேண்டும்.

ஓட்டம் எடுப்பதற்கும் பயிற்சி வேண்டுமா?

வேண்டும். ஆடுகளம் 22 யார் என்றாலும் கிரீஸிலிருந்து கிரீஸுக்கு 17.68 மீட்டர்தான். கையும் துடுப்பும் நீட்டினால் ஓடும் தூரம் இன்னும் குறைகிறது. கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்பே துடுப்பை நிலத்தில் வைத்து உரசிக்கொண்டு போகப் பழகுங்கள். அந்தரத்தில் தூக்கியபடி ஓடி ஆட்டமிழப்பது வீண் சாவு. முன்னால் போன பந்துக்கு அடித்தவர் குரல் கொடுக்க வேண்டும், பின்னால் போனதற்கு மறுமுனையில் நிற்பவர். “யெஸ்”, “நோ”, “வெயிற்” என்ற மூன்று சொல்லுக்கு மேல் நான்காவது வேண்டாம்.

எல்பிடபிள்யூ எங்களுக்கு விளங்கவே இல்லை.

நான்கு கேள்வியாகப் பாருங்கள். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியதா? குத்தியிருந்தால் ஆட்டமிழப்பு இல்லை. முதலில் துடுப்பில் பட்டதா? பட்டிருந்தால் இல்லை. ஓஃப் ஸ்டம்புக்கு (லெக் ஸ்டம்புக்கு எதிர்ப்பக்க ஸ்டம்ப்) வெளியே காலில் பட்டதா? அடிக்க உண்மையாக முயன்றிருந்தால் இல்லை. துடுப்பை ஒளித்துக் காலை மட்டும் நீட்டியிருந்தால் ஆபத்து. இவை மூன்றையும் தாண்டி, பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா? ஆம் என்றால் விரல் உயரும். நடுவர் சொன்ன பிறகு வாதாட்டம் வேண்டாம்.

மகளும் விளையாட ஆசைப்படுகிறாள். இடம் கிடைக்குமா?

அனுப்புங்கள், தயவுசெய்து அனுப்புங்கள். நுட்பம் எல்லாம் ஒன்றுதான். பெண்கள் ஆட்டத்தில் பந்து மட்டும் சற்று இலேசு, 140 முதல் 151 கிராம். 2024 யூலையில் தம்புள்ளையில் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தை எடுத்த இலங்கைப் பெண்கள் அணியைக் கண்ட பிறகும் “பெண் பிள்ளைக்கு ஏன்” என்று கேட்பது சரியில்லை. உங்கள் பிள்ளையின் பாடசாலையில் அணி இல்லை என்றால் விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடம் இரண்டு மூன்று பெற்றோராகச் சேர்ந்து போய்க் கதையுங்கள். ஒருவராகப் போவதைவிட அதற்கு மதிப்புண்டு. அணி அமையும்வரை சகோதரர்களோடு வளவில் விளையாடட்டும். பந்துக்கு ஆண் பெண் தெரியாது.

ரியூசன் நேரத்தோடு மோதுகிறதே?

யாழ்ப்பாணத்தில் இதுதான் உண்மையான எதிரணி. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் வந்தால் ஒரு வருடம், சாதாரண தரம் வந்தால் இரண்டு வருடம் என்று பிள்ளைகள் மைதானத்திலிருந்து காணாமல் போகிறார்கள். படிப்பை விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் வாரத்தில் இரண்டு பின்னேரம், ஒவ்வொன்றும் ஒன்றரை மணிநேரம் விட்டுக்கொடுங்கள். மிச்ச நாட்களில் வீட்டு மதிலோடு பத்து நிமிடம் போதும். முற்றாக நிறுத்திய பிள்ளை இரண்டு வருடம் கழித்து வரும்போது உடல் வளர்ந்திருக்கும், கால் அசையாது, கூடப் பழகியவர்கள் வெகுதூரம் போயிருப்பார்கள். வெட்கத்தில் அவன் மறுபடி வரவே மாட்டான்.

மழைக்காலத்தில் என்ன செய்வது? வெயிலில்?

ஐப்பசி, கார்த்திகையில் மைதானங்களில் தண்ணீர் நிற்கும். அந்த மாதங்கள் மதில் பயிற்சிக்கும் உடற்பயிற்சிக்கும். சித்திரை வெயிலில் மதியப் பயிற்சி வேண்டாம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடைக்கிடை தண்ணீர் குடிக்க வேண்டும். மோரும் தேசிக்காய்த் தண்ணீரும் உப்புக் கொஞ்சம் போட்டுக் குடிப்பது போத்தலில் அடைத்து விற்பதைவிட நல்லது.

எனக்கு இருபத்தாறு வயது. இப்போது பழகினால் சிரிப்பார்களா?

சிரிப்பவர்கள் ஒரு வாரம் சிரிப்பார்கள். ஊர்க் கழகங்களின் மென்பந்து ஆட்டத்தில் சேருங்கள். களத்தடுப்பும் ஓட்டமும் நன்றாக இருந்தால் போதும், உங்களுக்கு இடம் உண்டு. சிறுவர்களைவிட உங்களுக்கு ஒரு வசதி: சொல்வது உடனே விளங்கும். ஒரு வசதியீனம்: தசை உடனே ஒத்துழைக்காது. முதல் மாதம் எறிவதிலும் வேகமாக வீசுவதிலும் நிதானமாக இருங்கள்.

ஆட்டம் பார்த்தும் பழகலாமா?

நன்றாகப் பழகலாம், எதைப் பார்ப்பது என்று தெரிந்தால். மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையில் வடக்கின் பெருஞ்சமர் நடக்கும். 1904இல் தொடங்கிய போட்டி. பான்ட் வாத்தியமும் ஆட்டமும் பாட்டமும் இருக்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளையை அரை மணிநேரம் விக்கெட் காப்பாளரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்: எப்போது எழும்புகிறார், கால் எந்தப் பக்கம் முதலில் நகர்கிறது. அடுத்த அரை மணிநேரம் மறுமுனையில் நிற்கும் துடுப்பாட்ட வீரரை. பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாத பாதி ஆட்டம் அங்கே நடக்கிறது.

பந்து பட்டு அடிபட்டால்?

விரலில் பட்டால் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். உருவி இழுத்துவிடும் கைவைத்தியம் வேண்டாம். வீக்கம் வற்றாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

தலையில் பட்டால் விதி வேறு. பிள்ளை “ஒன்றுமில்லை” என்று சொன்னாலும் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது. தலையில் அடிபட்டு மூளையதிர்வுக்கு ஆளானவருக்குப் பதிலாக இன்னொருவரை ஆடவிடச் சர்வதேசப் போட்டிகளிலேயே 2019இலிருந்து அனுமதி இருக்கிறது. அடிபட்ட தலைக்கவசத்தையும் மறுபடி பயன்படுத்தக் கூடாது. வெடிப்பு வெளியே தெரியாமல் உள்ளே இருக்கலாம். வாந்தி, தலைச்சுற்று, தூக்கக் கலக்கம், கேட்டதையே திரும்பக் கேட்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் யாழ். போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ உடனே கொண்டுபோங்கள். அன்றிரவு பிள்ளையைத் தனியே படுக்க விடாதீர்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வலைப்பயிற்சிக்கும் அனுப்பக் கூடாது.